மதகும் முகவீணையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

ஏரி ஒன்று, வயல்கள் பல. ஏரி நிறைந்திருப்பதால் மட்டும் வயல் விளைந்துவிடாது. எந்த மதகை எப்போது திறப்பது, எத்தனை விரற்கடை உயர்த்துவது, எந்தக் கிளை வாய்க்காலை அடைப்பது என்று ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அவரை நீர்க்கட்டி என்பார்கள். நீர் வாய்க்காலில் ஓடும். நீர்க்கட்டியின் சொல்லோ கரைமேல் நடந்து போகும். இரண்டும் ஒரே வயலுக்குத்தான் போகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை அறிந்தவர்கள் நம் முன்னோர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக உலகம் போற்றுகிறது. அந்தக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதையும் நாம் மறக்கலாகாது. நீரை வைத்திருப்பது ஒரு வேலை. நீரை ஏவுவது வேறொரு வேலை.

நண்பர்களே, நான் எழுத வந்தது வேளாண்மை பற்றியன்று. கணிப்பொறி இசை பற்றி. ஆனால் கணிப்பொறி இசையில் எனக்கு விளங்காதிருந்த ஒன்று, இந்த ஏரியையும் நீர்க்கட்டியையும் நினைத்த பிறகே விளங்கிற்று. ஆகவே அங்கிருந்து தொடங்கினேன்.

செய்யாற்றங்கரையில் உள்ள காவாந்தண்டலம் எனது ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா பயிர் வைப்பவர். அம்மா நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவர். அப்பாவின் சித்தப்பா, நாங்கள் சின்னத் தாத்தா என்று அழைப்பவர், தெருக்கூத்து ஜமாவில் நாற்பது ஆண்டுகள் முகவீணை ஊதியவர். முகவீணையைப் பார்க்காத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: நாகசுரத்தின் சின்னத் தம்பி போன்றது அது. சீவாளி வைத்து ஊதும் குழல். உருவம் சிறிது, குரல் பெரிது. மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும் நள்ளிரவில், அவற்றுக்கு மேலே ஏறி நிற்பது அதன் குரல்தான். காஞ்சிபுரத்தை ஒட்டிய சிற்றூர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, வேடம் கட்டியவர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து அந்தப் பாட்டை முகவீணை எடுத்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்டுகளாகச் சின்னத் தாத்தாவால் ஊத முடியவில்லை. இளைப்பு நோய். நான்கு வினாடிக்கு மேல் மூச்சு நிற்பதில்லை. அவருக்குப் பின் எங்கள் ஜமாவில் முகவீணை ஊத ஆளில்லை. ஆர்மோனியத்தை வைத்தே கூத்தை நடத்தி வருகிறார்கள். அவருடைய மெட்டுகளோ எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாம் அவர் நினைவில் மட்டுமே.

ஒரகடத்தில் வேலைக்குப் போகும் என் அண்ணன், வாங்கி ஆண்டு சில ஆன மடிக்கணிப்பொறி ஒன்றை எனக்குக் கொடுத்தார். இருபத்தைந்து கட்டைகள் கொண்ட சிறு கீபோர்டு ஒன்றும் பழைய விலைக்குக் கிடைத்தது. இவற்றைக் கொண்டு சின்னத் தாத்தாவின் முகவீணையை மறுபடி ஒலிக்கச் செய்ய முடியுமா என்று பார்க்கத் துணிந்தேன். அந்த முயற்சியில் கற்றதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ‘மிடி’ என்ற சொல்லை அறிமுகம் செய்ய வேண்டும். மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம் அது. 1980ஆம் ஆண்டுவாக்கில் மின்னிசைக் கருவி செய்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மொழி வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தின் இக்குதாரோ காகேஹாஷியும் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று முனைந்தனர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இருவருடைய நிறுவனக் கருவிகளையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றொன்று ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் கூடிச் செய்த அந்தப் பொதுமொழியே மிடி. அதற்காக 2013இல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மிடிக் கம்பியில் ஓசை போவதில்லை. ஓர் அணுவளவு ஓசையும் போவதில்லை. போவது ஏவல் மட்டுமே. ‘இந்தச் சுரத்தைத் தொடங்கு’, ‘இந்தச் சுரத்தை நிறுத்து’, ‘இந்தத் திருகை இவ்வளவு திருப்பு’ என்னும் கட்டளைகள் எண்களாகப் போகின்றன. 176, 11, 90 என்ற மூன்று எண்கள் போனால், முதல் சேனலில் உள்ள கருவியே, உன் பதினொன்றாம் கட்டுப்பாட்டை 90இல் வை என்று பொருள். பதினொன்று என்பது பாவத்துக்குரிய ஒலியளவு. ஏழு என்பது பொது ஒலியளவு. இரண்டு என்பது மூச்சு! ஊதுகருவிக்காரரை மறவாமல், அவர் மூச்சுக்கென்றே ஓர் எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சின்னத் தாத்தா நினைவுதான் வந்தது.

இந்த ஏவல்மொழி தமிழகத்துக்கு வரவும் நெடுங்காலம் ஆகவில்லை. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா சீக்வென்சர் துணையோடு இசையமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வழியாக ஏ.ஆர். ரகுமான் வந்தபோது, கணிப்பொறியும் சீக்வென்சரும் கோடம்பாக்கத்தின் அன்றாடக் கருவிகளாகும் காலம் தொடங்கிற்று. ஆனால் மேலைநாட்டுக் கீபோர்டில் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஒன்றும் இல்லை. நம் இசையோ அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. கமகம் என்பது சுரத்தில் நிற்பதன்று. சுரத்துக்குச் செல்லும் வழி. அந்த வழியைத் தேடித்தான் ரகுமான், கட்டைகளே இல்லாமல் விரல் வழுக்கிச் செல்லக்கூடிய கான்டினியம் என்னும் கருவியை எடுத்தார். 2009இல் வந்த ‘டெல்லி-6’ இந்திப் படப் பாடலில் அதை நாம் கேட்கலாம்.

கான்டினியம் வாங்கும் வசதி எனக்கில்லை. என்னிடம் இருந்தது கீபோர்டின் இடப்பக்கத்தில் இருந்த ஒரு சிறு சக்கரம்.

வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து, சின்னத் தாத்தாவை ஒவ்வொரு சுரமாக ஊதச் சொன்னேன். ஒரு சுரத்துக்கு நான்கு வினாடி. இடையில் அவர் இளைப்பாறுவார். மூன்று நாட்களில் எல்லாச் சுரமும் சேர்ந்தன. ரீப்பர் என்னும் இசை மென்பொருளில் அவற்றை ஏற்றினேன். இத்தகைய மென்பொருளில் ‘பிளக்-இன்’ எனப்படும் துணைச்செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தலாம். ஒன்று ஓசை எழுப்பும். அடுத்தது அதை வடிகட்டும். மற்றொன்று எதிரொலி சேர்க்கும். ஸ்டெய்ன்பெர்க் என்னும் ஜெர்மானிய நிறுவனம் 1996இல் வெளியிட்ட விஎஸ்டி என்ற முறை இந்தத் துணைச்செயலிகளை உலகெங்கும் பரப்பிற்று.

கட்டையை அழுத்தினேன். முகவீணை ஒலித்தது. சின்னத் தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இன்னாம்மா இது, ஆலைச் சங்கு ஊதற மாதிரி இருக்குது?” என்றார்.

“உங்க சத்தம்தான் தாத்தா.”

“சத்தம் என்னுதுதான். மூச்சு யாருது? மூச்சு முன்னால போவணும், வெரல் பின்னால வரணும். மேல ஏறும்போது தொண்டை தெறக்கணும். எறங்கும்போது சாத்திக்கணும். இது ஒரே மட்டமா நிக்குதே!”

எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் கேட்டது மூன்று. மூச்சு பெருகும்போது ஓசை பெருக வேண்டும். அதே மூச்சால் குரல் திறந்து கூர்மையாக வேண்டும். அதே மூச்சால் சுரம் இம்மியளவு உயர வேண்டும். ஆனால் சற்றுப் பின்தங்கி உயர வேண்டும். ஒரு மூச்சு, மூன்று வேலை. எனவே ஒரு சக்கரத்தின் ஏவலை மூன்று வாய்க்கால்களில் பிரிக்க வேண்டும்.

இங்கேதான் ஏரிக்கரை உதவிற்று. ஓசை எழுப்பும் பிளக்-இன்னை முதலிலும், வடிகட்டும் பிளக்-இன்னை அதற்கு அடுத்தும் வைத்து, சக்கரத்தைத் திருப்பினால் முதலாவது அசைகிறது. இரண்டாவது அசையவே இல்லை. ஓசை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. ஏவல் மட்டும் போகவில்லை. ஏனென்றால் சில பிளக்-இன்கள் தம்மிடம் வரும் ஏவலைத் தாமே வைத்துக்கொண்டு, அடுத்ததற்கு விடுவதில்லை. தலைமடைக்காரர் நீரை மறித்துக்கொண்டால் கடைமடை காய்வது போல என்று சொன்னால் எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் புரியும். தவிரவும் 2008இல் வந்த விஎஸ்டி மூன்றாம் பதிப்பில் கட்டுப்பாட்டு எண்கள் பிளக்-இன்னுக்கு நேராகப் போவதில்லை. தாய் மென்பொருள்தான் அவற்றை வாங்கி, பிளக்-இன்னின் திருகுகளோடு பொருத்தித் தர வேண்டும். ஆகவே வாய்க்கால் வெட்டும் பொறுப்பு பெரும்பாலும் தாய் மென்பொருளையே சார்ந்தது.

கடைமடைக்குத் தனி வாய்க்கால் வெட்டுவதே வழி. நான்கு தடங்கள் அமைத்தேன். முதல் தடத்துக்கு ‘ஏவல்’ என்று பெயரிட்டேன். அதில் ஓசையே கிடையாது. நீர்க்கட்டியைப் போல அது சொல்லுவதோடு சரி. இரண்டாவது ‘முகவீணை’. மூன்றாவது ‘வடிப்பான்’. நான்காவது ‘சுருதி’. ஏவல் தடத்திலிருந்து முகவீணைக்கு ஒரு மிடி வாய்க்கால். வடிப்பானுக்கு வேறொரு மிடி வாய்க்கால். முகவீணையிலிருந்து வடிப்பானுக்கு ஓசை வாய்க்கால். ரீப்பரில் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போது ஓசையை அடைத்துவிட்டு ஏவலை மட்டும் விடலாம். ஏவலை அடைத்துவிட்டு ஓசையை மட்டும் விடலாம். வடிப்பான் தடத்தில் இரண்டும் இருவேறு வழியாக வந்து கூடுகின்றன. அங்கே வடிப்பானின் திருகைத் தேர்ந்து, அது 74ஆம் கட்டுப்பாட்டு எண்ணைக் கேட்டு நடக்க வேண்டும் என்று பிணைத்தேன். ஓசையின் கூர்மைக்கு வழக்கமாகப் பயன்படும் எண் அது. சுருதித் தடத்துக்கு மூச்சு போகலாகாது. போனால் சுருதியே ஆடும். எனவே அதற்கு இரண்டாம் சேனல். மிடியில் பதினாறு சேனல்கள் இருப்பது இத்தகைய பாகப்பிரிவினைக்காகத்தான்.

ஏவல் தடத்தில் சிறு நிரல் ஒன்று எழுதி வைத்தேன். ரீப்பரில் நாமே இத்தகைய நிரல்களை எழுதிப் பொருத்தலாம். சக்கரத்தின் எண் வந்ததும், அந்த நிரல் அதை உடனே 11ஆம் எண்ணாக மாற்றி முகவீணைக்கு விடும். சக்கரம் பாதி ஏறும்வரை 74ஆம் எண்ணை மூடி வைத்து, பிறகு திறக்கும். சுரத்தை உயர்த்தும் ஏவலை 40 மில்லி வினாடி தாழ்த்தி அனுப்பும். ‘மூச்சு முன்னால, வெரல் பின்னால’ என்று சின்னத் தாத்தா சொன்னதன் கணக்கு அந்த நாற்பது. முப்பது, ஐம்பது என்று மாற்றி மாற்றி வைத்து, அவர் தலையசைத்த இடத்தில் நிறுத்தினேன்.

அறிவியல் மாணவி என்ற முறையில் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டு எண்கள் 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள். ஒலியளவுக்கு அது போதும். சுரத்தை வழுக்குவதற்குப் போதாது. மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி என்று வைத்தால் 2,400 செண்டு. ஓர் அரைச்சுரம் 100 செண்டு. 2,400ஐ 128ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஏறத்தாழ 19 செண்டு. காதுக்கு அது படிக்கட்டாகவே கேட்கும். கமகம் ஏணியில் ஏறாது. ஆனால் சுரம் வளைக்கும் ஏவலுக்கு மட்டும் மிடி இரண்டு எண்களைச் சேர்த்து 16,384 படிகள் தந்திருக்கிறது. அப்போது ஒரு படிக்கு 0.15 செண்டு. படிக்கட்டு சரிவாகிவிடுகிறது. 2020இல் முறையாக ஏற்கப்பட்ட மிடி 2.0 எல்லாக் கட்டுப்பாடுகளுக்குமே இதைவிட நுண்ணிய படிகள் தருகிறது. பழைய கருவி வைத்திருப்பவர் பழைய மொழியிலும் வேலை செய்யலாம் என்பதற்கு என் கீபோர்டே சான்று.

எல்லாம் பொருந்திய அன்று நான் கட்டைகளை வாசித்தேன். வலக்கையால் மெட்டு, இடக்கையால் சக்கரம். சங்கு போய்விட்டது, முகவீணை வந்தது. ஆனால் யாரோ ஒருவர் ஊதும் முகவீணை. சின்னத் தாத்தாவுடையது அன்று. அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, “அந்த உருளைய இப்படிக் கொடு” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சக்கரத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். நான் மெட்டை வாசிக்க, அவர் கட்டைவிரலால் ஊதினார்.

ஆம், ஊதினார் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு மூச்சு அந்த விரலுக்கு இறங்கி வந்தது. நான் நினைத்தே பாராத இடத்தில் ஓசை தாழ்ந்தது. அடுத்த சுரம் வருமுன்னே அதை எதிர்கொண்டு எழுந்தது. நுரையீரலில் நான்கு வினாடி நின்ற மூச்சு, விரலில் நாலு வரி நின்றது. வாசலில் புளி உரித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “சித்தப்பா ஊதறாரா?” என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

கடந்த பங்குனியில் பக்கத்து ஊரில் ‘கர்ண மோட்சம்’ கூத்து. ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஜமாவில் பேசி முடிவு செய்தார்கள். ஆர்மோனியக்காரர் மாமா மட்டும், “பொட்டிய கொண்டாந்துட்டா அப்புறம் ஊதறவனுக்கு என்ன வேல?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றிரவு, பாயில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் முகவீணை எழுந்ததும் நிமிர்ந்து, பாட்டுக்காரர் வரிசையை இக்கோடியிலிருந்து அக்கோடி வரை தேடினார். “முகவீணைக்காரர் எங்கப்பா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். சின்னத் தாத்தா இருட்டில் என் பக்கத்தில், விரலைச் சக்கரத்தில் வைத்தபடி இருந்தார்.

மாமாவின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். பெட்டிக்குள் ஓசை இருக்கிறது, ஏவல் இல்லை. ஏவல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எத்தனை தடம் அமைத்தாலும், எத்தனை வாய்க்கால் வெட்டினாலும், மதகின் மேல் ஒரு கை இல்லையென்றால் ஒரு துளியும் அசையாது. நாற்பது மில்லி வினாடி என்ற எண் கணிப்பொறிக்குத் தெரியாது. சின்னத் தாத்தாவுக்குத் தெரியும். அவருக்கும் அது எண்ணாகத் தெரியாது, மூச்சாகத் தெரியும். அதைக் கேட்டறிந்து எண்ணாக்குவது மட்டுமே என்னைப் போன்றோர் செய்யக்கூடியது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ஏவலைத் தனியே பதிவு செய்து வைக்கலாம். குறுந்தகட்டின் தரத்தில் ஓசையைப் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு 1,05,84,000 பைட்டுகள். சின்னத் தாத்தாவின் விரலசைவை வினாடிக்கு நூறு ஏவல் வீதம் பதிந்தால், ஏவலுக்கு மூன்று பைட்டாக, நிமிடத்துக்கு 18,000 பைட்டுகள்தான். ஓசை நாடா நமக்கு அவர் ஊதியதைத் தரும். இந்தப் பதிவோ, அவர் எப்படி ஊதினார் என்பதைத் தரும். கோட்டுப்படம் போல அதைத் திரையில் விரித்து, எங்கே ஏறினார், எங்கே அடக்கினார், எவ்வளவு பொறுத்தார் என்று பார்க்கலாம்; வேகத்தைக் குறைத்துப் பழகலாம். இதுவரை 14 மெட்டுகள் பதிவாகியிருக்கின்றன. அவர் நினைவில் இன்னும் பல உள்ளன. அவர் நலமாக இருக்கும் மாலைகளில் ஒவ்வொன்றாக எடுக்கிறோம்.

எங்கள் ஜமாவில் பெண் பிள்ளைகள் முகவீணை ஊதியதில்லை. யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மெட்டுகளைப் பதியப் பதிய, அவை எனக்கு மனப்பாடமாகிவிட்டன. சென்ற மாதம் சின்னத் தாத்தா தம் பெட்டியைத் திறந்து, புதுச் சீவாளி ஒன்றை எடுத்து நீரில் நனைத்து என்னிடம் நீட்டினார். “கட்டைவிரல்ல போட்டதெல்லாம் இனிமே வாயில போடு கண்ணு” என்றார். இப்போது நாள்தோறும் அரைமணி நேரம் ஊதுகிறேன். சுரம் இன்னும் நிற்கவில்லை. மூச்சு எங்கே ஏற வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தது ஒன்றும் நம் பாடத்திட்டத்தில் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். தறியில் பாவு பூட்டுபவர், மதகின் ஓசையைக் கேட்டே நீரின் அளவு சொல்பவர், பம்பை அடிப்பவர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் உள்ள ஏவல் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் மின்தடையையும் மின்தேக்கியையும் இணைத்து வடிப்பான் சோதனை செய்து மதிப்பெண் பெறுகிறோம். அதே வடிப்பானை வீட்டுக்குக் கொண்டுபோய், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘எங்கே திறக்க வேண்டும்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதற்குக் காத்திருக்கிறார்கள். வரும் கோடை விடுமுறையிலேயே கேட்பது நல்லது.